சிதறுகாயும் லேசரும்: ஒளி ஒரு மூலக்கூறை எப்படி உடைக்கிறது?

மெத்தில் அயோடைடு என்று ஒரு திரவம் இருக்கிறது. புதிதாக வாங்கினால் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். அடர்பழுப்புக் குப்பியில்தான் அனுப்புவார்கள், உள்ளே பெரும்பாலும் ஒரு சின்ன செம்புத் துண்டு கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது யாரோ கைதவறிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். இல்லை, வேண்டுமென்றே போடுவதுதான். (சும்மா திறந்து பார்க்கிற சமாச்சாரம் இல்லை, நச்சுத் திரவம். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் வைத்துத்தான் மூடியைத் தொடவே வேண்டும்.)

இதையே நிறமில்லாத கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஜன்னல் ஓரமாக வைத்தால் மெல்ல மெல்ல மஞ்சள் ஏறிக் கடைசியில் பழுப்பாகிவிடும். வெயில் செய்கிற வேலை அது. மெத்தில் அயோடைடு மூலக்கூறில் ஒரு கார்பன், அதில் மூன்று ஹைட்ரஜன், நாலாவது பக்கம் ஒரு அயோடின். வெயில் பட்டதும் கார்பனுக்கும் அயோடினுக்கும் நடுவே இருக்கும் பிணைப்பு அறுந்துபோகிறது. விடுபட்ட அயோடின் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்கின்றன, அந்த நிறம் அவற்றுடையது. உள்ளே கிடக்கும் செம்பு, அப்படி விடுபடும் அயோடினைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளத்தான்.

ஒளி பட்டு மூலக்கூறு உடைவதற்கு ஒளிச்சிதைவு என்று பெயர். பழுப்பேறிய குப்பி, உடைந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு நேரத்தில் உடைந்தது, எந்தப் பக்கம் எது பறந்தது, கொடுத்த ஆற்றல் எங்கே போனது என்பதையெல்லாம் அது சொல்லாது. அதைக் கேட்டு வாங்கத்தான் லேசர் வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஒளி தண்ணீர் மாதிரி தொடர்ச்சியாக ஊற்றப்படுவதில்லை, பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். அதில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை அதன் நிறம் தீர்மானிக்கிறது. சிவப்பில் குறைவு, நீலத்தில் கூட, கண்ணுக்குத் தெரியாத புறஊதாவில் இன்னும் கூட. விளக்கைப் பிரகாசமாக்கினால் பொட்டலங்களின் எண்ணிக்கைதான் ஏறும், ஒவ்வொன்றின் கனம் ஏறாது. ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் வைத்திருந்தாலும், ஒரு டிக்கெட்டுக்கு ஒரே ஆள்தான் பணம் கட்ட வேண்டும், அதுவும் பத்து ரூபாய் என்றால் யாருமே உள்ளே போக முடியாது இல்லையா, அந்த மாதிரி. (மிகக் கடுமையான லேசரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கட்டுவதும் உண்டு. அது கீழே ஒரு இடத்தில் நமக்கே உதவப்போகிறது.)

இந்த அளவில் ஆற்றலைக் கணக்குப் போட எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகு வசதி. நிறத்தை அதன் அலைநீளத்தால், நானோமீட்டரில் சொல்வார்கள், அந்த எண் குறையக் குறைய ஆற்றல் கூடும். மெத்தில் அயோடைடில் கார்பன்-அயோடின் பிணைப்பை அறுக்க சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். கணக்குப்படி பார்த்தால், பச்சையும் நீலமும் கலந்த 490 நானோமீட்டர் ஒளியே இதற்குப் போதும், அதில் 2.5 இருக்கிறது. ஆனால் அந்த ஒளியை நாள் முழுக்க அடித்தாலும் ஒன்றும் ஆகாது. காரணம் எளிது. மூலக்கூறு அந்த நிறத்தை வாங்கிக்கொள்வதே இல்லை, நேராக ஊடுருவிப் போக விட்டுவிடும். மெத்தில் அயோடைடு விழுங்குவது புறஊதாவில், அதிலும் 260 நானோமீட்டரை ஒட்டி நன்றாக விழுங்கும். பணம் கையில் இருந்தால் போதாது, கடைக்காரர் அந்த நோட்டை வாங்கவும் வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். தண்ணீரும் இப்படித்தான்: ஒரு ஹைட்ரஜனைப் பிரிக்க 243 நானோமீட்டர் ஒளியின் ஆற்றலே போதும் என்று கணக்கு சொன்னாலும், சுமார் 190-க்குக் கீழே போனால்தான் தண்ணீர் ஆவி அந்த ஒளியை உருப்படியாக வாங்க ஆரம்பிக்கும்.

விழுங்கியதும் உள்ளே என்ன நடக்கிறது? சாதாரண நிலையில் கார்பனும் அயோடினும் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டு போல இருக்கின்றன. கொஞ்சம் நகர்ந்தாலும் திரும்ப அடிக்கே வரும். ஃபோட்டானை விழுங்கியவுடன் அயோடினின் எலக்ட்ரான் ஒன்று, பிணைப்பை வலுவாக்காமல் அறுக்கவே செய்யும் ஓர் இடத்துக்குத் தாவிவிடுகிறது. குண்டு அப்படியே இருக்கிறது, அதற்கடியில் இருந்த கிண்ணம் மட்டும் கண்ணிமைப்பதற்குள் சறுக்குமரமாக மாறிவிட்டது. அப்புறம் என்ன, உருள வேண்டியதுதான்.

சரி, இதை எப்படிப் பார்ப்பது? பார்க்க முடியாது என்பதுதான் நேர்மையான பதில். உடைகிற மூலக்கூறைப் படம் எடுப்பதற்குப் பதிலாக, உடைந்த துண்டுகள் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று பார்த்து, பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். பிள்ளையார் கோவில் வாசலில் சிதறுகாய் உடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் காய் உடைந்துவிட்டது. ஆனாலும் சில்லுகள் எவ்வளவு தூரம் தெறித்திருக்கின்றன, எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தாலே, ஓங்கி அடித்தவர் யார், பயந்துபயந்து போட்டவர் யார், எந்தப் பக்கம் நின்று அடித்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மூலக்கூறில் இந்தக் கணக்கு இன்னும் சுத்தம், ஏனென்றால் அங்கே தரை இல்லை, உராய்வு இல்லை, சில்லைப் பொறுக்க ஓடிவரும் பையன்களும் இல்லை.

அந்தச் சுத்தத்தை உண்டாக்கத்தான் பாதிப் பாடு. மூலக்கூறுகள் சாதாரணமாக ஆளுக்கொரு திசையில் ஓடிக்கொண்டும் சுழன்றுகொண்டும் இருக்கும். அதனால் மெத்தில் அயோடைடு ஆவியை ஹீலியம் போன்ற வாயுவோடு கொஞ்சமாகக் கலந்து, ஊசித்துளை மாதிரி ஒரு வால்வு வழியாக வெற்றிடக் கலனுக்குள் பீய்ச்சுகிறார்கள். அப்படி விரியும் வாயு பயங்கரமாகக் குளிர்ந்துபோகும், தனிச்சுழிக்கு (மைனஸ் 273 டிகிரி செல்சியஸ், அதற்குக் கீழே குளிரே இல்லை) மேலே சில டிகிரி வரைக்கும். மூலக்கூறுகள் சுழல்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, ஒரே திசையில் ஒரே வேகத்தில் வரிசையாகப் போகும்.

அந்த வரிசையின் குறுக்கே லேசர். மிகப் பரவலாக இருப்பது நியோடிமியம் யாக் லேசர். அதன் சொந்த ஒளி 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒரு படிகத்தின் வழியே அனுப்பினால் அலைநீளம் பாதியாகி 532 ஆகும். உங்கள் வீட்டில் பச்சை லேசர் பாயிண்டர் கிடந்தால் அநேகமாக அதே பச்சைதான். இன்னொரு படிகத்தில் மறுபடி பாதியாக்கினால் 266. மெத்தில் அயோடைடு ஆசையோடு விழுங்கும் நிறம். ஒவ்வொரு துடிப்பும் சில நானோ வினாடிதான் (நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு), வினாடிக்குப் பத்துத் துடிப்பு, லேசருக்குள் இருக்கும் விளக்கு மின்னும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும், அரை மணி நேரத்தில் காது அதை மறந்துவிடும். 266 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் குருடாக்கும், அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு, கற்றை எங்கே போகிறது என்று தெரிய அதன் பாதையில் ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டை நீட்டுவார்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்த்திருக்கும் சாயம் புறஊதா பட்டதும் நீலமாக ஒளிரும். லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய கருவிகளுக்கு நடுவே அச்சுக்கடை கார்டுதான் வழிகாட்டி.

இப்போது மூலக்கூறு உடைந்துவிட்டது. மெத்தில் (கார்பனும் அதன் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) ஒரு பக்கம், அயோடின் மறுபக்கம். இரண்டும் மின்சுமை இல்லாதவை, அப்படியே விட்டால் பிடிக்க முடியாது. அதனால் சில நானோ வினாடி கழித்து அதே இடத்தில் இரண்டாவது லேசரைச் சுடுகிறார்கள். மெத்திலைப் பிடிக்க வேண்டுமென்றால் அதன் நிறம் சுமார் 333 நானோமீட்டர். மேலே சொன்ன ‘இரண்டு மூன்று பேர் சேர்ந்து கட்டுவது’ இங்கேதான்: இந்த நிறத்தில் மூன்று ஃபோட்டான்களை ஒன்றாக விழுங்கி மெத்தில் ஒரு எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. இந்த நிறம் மெத்திலுக்கென்றே பொருந்துவது, அதனால் கலனில் வேறு என்ன குப்பை இருந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். அயனியானதும் மின்தகடுகள் அதை ஒரு குழாய் வழியாகத் தள்ளும். குழாயின் கடைசியில் லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு கண்ணாடித் தட்டு. அயனி ஒரு துளையில் விழுந்தால் எலக்ட்ரான்கள் அருவி மாதிரி பெருகி, பின்னால் இருக்கும் ஒளிர்திரையில் ஒரு புள்ளி மின்னும். அதைக் கேமரா எடுத்துக்கொள்ளும்.

ஒரு அயனிக்கு ஒரு புள்ளி. ஆரம்பத்தில் திரையில் எதுவும் புரியாது, வெறும் தூசி தெளித்த மாதிரி. அரை மணி நேரம் ஓடவிட்டால் பதினெட்டாயிரம் துடிப்பு, புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து ஒரு வளையம் எழும்பி வரும். பறக்கும் துண்டுகள் உண்மையில் ஒரு கோளமாக விரிகின்றன. திரையில் விழுவது அந்தக் கோளத்தை நசுக்கிய படம். நசுங்கிய ஆரஞ்சிலிருந்து முழு ஆரஞ்சின் வெட்டுமுகத்தைக் கணக்கால் மீட்டெடுக்க ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்தபின் வளையங்கள் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

இந்த முறையை 1987-இல் டேவிட் சாண்ட்லரும் பால் ஹூஸ்டனும் அறிமுகப்படுத்தினார்கள், அவர்கள் உடைத்துக் காட்டியதும் இதே மெத்தில் அயோடைடுதான், இதே 266-இல்தான். அவர்கள் படம் மங்கலாக இருந்தது. அயனியைத் தள்ளும் தகடுகளில் வலை மாதிரிக் கம்பிகள் இருந்தன, அவை பாதையைக் கலைத்தன, தவிர ஒரே வேகத்தில் போன இரண்டு துண்டுகள் கிளம்பிய இடம் கொஞ்சம் தள்ளியிருந்தாலே திரையில் வேறுவேறு இடத்தில் விழுந்தன. பத்து வருடம் கழித்து, 1997-இல், நெதர்லாந்தின் நெய்மேகனில் எப்பிங்கும் பார்க்கரும் அந்த வலையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஓட்டை வைத்த தகடுகளைப் போட்டார்கள். அந்தத் தகடுகள் அயனிகளுக்கு லென்ஸ் மாதிரி வேலை செய்தன: எங்கே கிளம்பினாலும் சரி, ஒரே வேகம் என்றால் ஒரே புள்ளி. ஒரு வலையை எடுத்ததில் ஒரு துறையே தெளிந்தது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

வளையத்தின் அகலம் வேகத்தைச் சொல்கிறது. வாருங்கள், மெத்தில் அயோடைடின் வரவுசெலவைப் பார்த்துவிடுவோம். 266 நானோமீட்டர் ஃபோட்டான் கொண்டுவந்தது 4.66 எலக்ட்ரான் வோல்ட். பிணைப்பை அறுக்கச் செலவு 2.4. மிச்சம் சுமார் 2.26, அது துண்டுகளின் ஓட்டமாக மாறலாம். பங்கு பிரிக்கும்போது உந்தம் மாறக் கூடாது என்ற விதி குறுக்கே வரும்: மெத்திலின் எடை 15, அயோடினின் எடை 127, லேசான ஆள்தான் வேகமாக ஓட வேண்டும், அதனால் பத்தில் ஒன்பது பங்கு மெத்திலுக்கே. அப்படியானால் அது வினாடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வேண்டும். துப்பாக்கித் தோட்டாவெல்லாம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டரை ஒட்டித்தான்.

படத்தில் அந்த வேகத்தில் ஒரு வளையம் இருக்கிறது, ஆனால் மங்கலாக. அதற்கு உள்ளே, வினாடிக்கு 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில், இன்னொரு வளையம் பளபளக்கிறது. காணாமல் போன ஆற்றல் எங்கே? அயோடினின் சட்டைப்பையில். அயோடின் அணுவுக்கு 0.94 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் ஒரு கிளர்ந்த நிலை, அதாவது ஆற்றல் கூடிய நிலை, உண்டு. உடையும்போது பெரும்பாலான அயோடின்கள் அந்த நிலையில்தான் வெளியே வருகின்றன, அந்த அளவுக்கு மெத்திலின் ஓட்டம் குறைந்துபோகிறது. நாம் அயோடினைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மெத்திலின் வேகத்தை வைத்தே அதன் கூட்டாளி எதை ஒளித்துவைத்துக்கொண்டு போனது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. இரண்டு வளையம் ஏன்? மூலக்கூறு சறுக்கத் தொடங்கும் பாதை கிளர்ந்த அயோடினில்தான் முடிகிறது. நடுவழியில் இன்னொரு சறுக்குப்பாதை அதை வெட்டிக்கொண்டு போகிறது, சிலது அந்தச் சந்திப்பில் தடம் மாறிச் சாதாரண அயோடினாக முடிகின்றன.

வளையம் முழுக்க ஒரே பிரகாசமாகவும் இருப்பதில்லை. லேசர் ஒளியின் மின்புலம் மேலும்கீழுமாக ஒரே தளத்தில் ஆடும்படி வைத்திருப்பார்கள் (பள்ளியில் தளவிளைவு என்று படித்தது இதுதான்). கார்பன்-அயோடின் அச்சு அந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள்தான் அதிகம் விழுங்குகின்றன, உடைந்ததும் துண்டுகள் அந்த அச்சு வழியாகவே தெறிக்கின்றன. அதனால் வளையத்தின் உச்சியும் அடியும் பளிச்சென்றும், இரண்டு பக்கவாட்டும் கறுப்பாகவும் இருக்கும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த தந்திரம் இது. ஏனென்றால் இந்தப் படத்துக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. விழுங்கிய பிறகு மூலக்கூறு உடையத் தயங்கி நின்றிருந்தால் அதற்குள் மெல்லச் சுழன்று திசை மாறியிருக்கும், பிரகாசம் வளையம் முழுக்கப் பரவியிருக்கும். பரவவில்லை. ஆக, சுழலவே நேரம் கிடைக்காத அளவுக்குச் சடாரென்று உடைந்திருக்கிறது. நானோ வினாடி லேசரை வைத்துக்கொண்டு, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சீக்கிரம் முடிந்துபோன ஒரு காரியத்துக்கு நேரம் குறித்தாகிவிட்டது.

நேராகவே நேரம் குறிக்கும் வழியும் இருக்கிறது. அந்தக் கதை லேசருக்கு முன்னாலேயே தொடங்குகிறது: 1940-களின் கடைசியில் கேம்பிரிட்ஜில் நாரிஷும் போர்ட்டரும் பளிச்சென்று மின்னும் விளக்குகளால் மூலக்கூறுகளை உடைத்து, இன்னொரு மின்னலால் துண்டுகளைப் பார்த்தார்கள். போர்க்காலத்தில் போர்ட்டர் கடற்படையில் ரேடார் வேலை பார்த்தவர், துடிப்புகளோடு பழகிய கை. 1967-இல் இருவரும் மான்ஃப்ரெட் ஐகனோடு நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் மில்லி வினாடி, மைக்ரோ வினாடி விளக்குகளால் பிணைப்பு அறுவதைப் பிடிக்க முடியாது. அது நடப்பது ஃபெம்டோ வினாடிகளில். ஒரு வினாடிக்குள் ஃபெம்டோ வினாடி எவ்வளவு சின்னதோ, மூன்று கோடி ஆண்டுக்குள் ஒரு வினாடி அவ்வளவு சின்னது.

எகிப்தில் பிறந்து கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த அகமது ஜெவெய்ல் 1987-இல் இதைச் செய்தார். அயோடின் சயனைடு என்ற மூன்றணு மூலக்கூறு. முதல் துடிப்பு உடைக்கும், இரண்டாவது துடிப்பு விடுபட்ட சயனைடுத் துண்டைத் தேடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நேரத்தை ஃபெம்டோ வினாடிக் கணக்கில் மாற்ற வேண்டும், அதற்கு எந்த மின்னணுக் கடிகாரமும் போதாது. அவர்கள் நம்பியது ஒளியின் வேகத்தை: ஒரு துடிப்பைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பின்னால் நகர்த்தினால், போகவரக் கூடுதலாக இரண்டு மைக்ரான், தாமதம் ஏழு ஃபெம்டோ வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அயோடின் சயனைடு உடைய ஆன நேரம் சுமார் 200 ஃபெம்டோ வினாடி. அதாவது கண்ணாடியை முப்பது மைக்ரான், தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லை, நகர்த்துவதற்குள் மொத்தக் கதையும் முடிந்துவிட்டது.

அடுத்து அவர்கள் சோடியம் அயோடைடைப் பார்த்தபோது, உடைவது எப்போதும் ஒரே வெட்டு இல்லை என்று தெரிந்தது. இரண்டு அணுக்களும் விலகிப்போய், மறுபடி நெருங்கி, மறுபடி விலகி, ஒன்றேகால் பிக்கோ வினாடிக்கு (ஒரு பிக்கோ வினாடி ஆயிரம் ஃபெம்டோ வினாடி) ஒரு முறை ஊஞ்சல் ஆடின. ஒவ்வொரு ஆட்டத்திலும் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும் கைவிட்டுப் பிரிந்தது. 1999-இல் ஜெவெய்லுக்கு நோபல்.

இதெல்லாம் எதற்கு, அயோடின் கிளர்ந்து வந்தால் என்ன, சாதாரணமாக வந்தால் என்ன என்று கேட்கலாம். மெத்தில் அயோடைடை விடுங்கள் (கடலில் இருந்து நிறைய கிளம்பிக் காற்றில் சில நாளிலேயே வெயிலில் உடைகிறது, அதுவும் ஒரு கதைதான்). ஓசோனை எடுத்துக்கொள்வோம். புறஊதா பட்டதும் ஓசோன் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறாகவும் ஒரு தனி ஆக்சிஜன் அணுவாகவும் உடைகிறது. அந்த அணு சாதாரணமாக வந்தால், பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடி ஓசோனாகிவிடும், வந்த வழியே போன கணக்கு. கிளர்ந்து வந்தால், அதில் ஒரு பங்கு தண்ணீர் ஆவியைத் தாக்கி ஹைட்ராக்சில் என்ற ஒன்றை உண்டாக்கும். மீத்தேன் முதல் கார்பன் மோனாக்சைடு வரைக்கும் காற்றில் சேரும் பலவற்றைத் துடைப்பது அந்த ஹைட்ராக்சில்தான். 310 நானோமீட்டருக்கு மேலே போனால் கிளர்ந்த அணு கிடைக்காது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1990-களில் லேசர் வைத்துக் கவனமாக அளந்தபோது, அதற்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருக்கிறது என்று தெரிந்தது. தரைக்கு வரும் வெயிலில் அந்த நிறங்கள்தான் அதிகம், அதனால் அந்தக் கொஞ்சமும் பெரிது. வளிமண்டலக் கணக்குகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

கடைசியாக ஃபார்மால்டிஹைடு. ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான். இது ஒளியில் உடையும் இரண்டு வழிகளைப் புத்தகங்கள் எழுதி வைத்திருந்தன: ஒரு ஹைட்ரஜன் மட்டும் பிய்த்துக்கொண்டு போகும், அல்லது இரண்டு ஹைட்ரஜனும் கைகோத்து ஒரே சமயத்தில் வெளியேறி, கார்பன் மோனாக்சைடு வேகமாகச் சுழன்றபடி மிஞ்சும். 1993-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, மிக மெதுவாகவே சுழலும் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் கிடைத்தது. எந்தக் கணக்கிலும் அது ஒட்டவில்லை. 2004-இல் ஆர்தர் சூட்ஸின் குழு வேகப் படங்களையும் ஜோயல் போமனின் குழு கணினிக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஒரு ஹைட்ரஜன் கிட்டத்தட்டப் பிரிந்துபோய்விடுகிறது, ஆனால் முழுதாகத் தப்பிக்க ஆற்றல் போதாமல் மிச்ச மூலக்கூறைச் சுற்றி இலக்கில்லாமல் அலைகிறது, அலைந்து வரும் வழியில் மற்ற ஹைட்ரஜனை எதேச்சையாக எதிர்கொண்டு அதைக் கொத்திக்கொண்டு போகிறது. கார்பன் மோனாக்சைடு உலுக்கப்படாமல் அப்படியே நிற்கிறது, கிளம்பிய ஹைட்ரஜன் மூலக்கூறோ பயங்கரமாக அதிர்ந்துகொண்டு போகிறது. இதற்கு அலைதல் வழி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் அசிட்டால்டிஹைடில் தேடினார்கள், அங்கேயும் இருந்தது. நைட்ரேட்டில் தேடினார்கள், அங்கேயும்.